பழைய ஜாஸ், சோல் ஆல்பங்கள்: எட்டுப் பதிப்பு இருந்தால் எதைக் கேட்பது?

கேள்வி இது: 1950, 60களின் ஜாஸ், சோல் ஆல்பங்களை இப்போதுதான் தேடிக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரே ஆல்பம் ஸ்ட்ரீமிங்கில் எட்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்றில் டிரம்பெட் காதைக் கிழிக்கிறது, இன்னொன்று கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. 'ரீமாஸ்டர்', '24 பிட்', 'டீலக்ஸ்' என்றெல்லாம் போட்டிருக்கிறார்களே, எதை நம்பி வாங்குவது?

அந்த மூன்று சொற்களையும் ('ரீமாஸ்டர்' என்றால் பழைய பதிவை மறுபடி மெருகேற்றியது, '24 பிட்' என்றால் டிஜிட்டல் கோப்பின் நுணுக்க அளவு, 'டீலக்ஸ்' என்றால் கூடுதல் டேக்குகள் சேர்த்த பதிப்பு) கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பதிப்பு எந்த டேப்பிலிருந்து வந்தது என்பது. நல்ல டேப்பிலிருந்து கவனமாக எடுத்த 16 பிட் சிடி, மோசமான படியிலிருந்து எடுத்த 24 பிட் கோப்பை எளிதாகத் தோற்கடிக்கும்.

ஏட்டுச் சுவடி அச்சுக்கு வந்த கதை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மூல ஏடு ஒன்று, அதைப் பார்த்து எழுதிய படி ஒன்று, படியின் படி ஒன்று. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உதிரும், கொஞ்சம் திருத்தம் நுழையும். டேப்பும் அப்படித்தான். ஸ்டுடியோவில் ஓடிய முதல் டேப், அந்தக் கால ஜாஸில் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று டிராக் (தனித்தனி ஒலித்தடம்) கொண்டது. அதிலிருந்து நல்ல டேக்குகளை (ஒரே பாட்டை ஒவ்வொரு முறை வாசித்துப் பதிந்ததும் ஒரு டேக்) எடுத்து ஆல்பம் வரிசையில் ஒட்டியது மாஸ்டர். மாஸ்டரிலிருந்து இசைத்தட்டு வெட்டுவதற்கென்றே ஒரு படி எடுப்பார்கள். ஊசி பள்ளத்தை விட்டுக் குதிக்காமல் இருக்க அதில் அடி பாஸைக் குறைத்திருப்பார்கள், பாஸை இரண்டு பக்கமும் ஒன்றாக்கியிருப்பார்கள், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை கம்ப்ரெஸர் வைத்து அமுக்கியிருப்பார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் போனதும் இப்படி ஒரு படிதான். ஒவ்வொரு படிக்கும் டேப்பின் இரைச்சல் கூடும், மேல் சுரங்களின் கூர்மை மழுங்கும்.

1980களின் நடுவில் பழைய ஆல்பங்களை அவசரமாக சிடியாக்கியபோது, அலமாரியில் முதலில் கைக்குக் கிடைத்த படியையே பலர் ஏற்றினார்கள். அது பெரும்பாலும் தட்டு வெட்டுவதற்கான படி. தட்டுக்காகக் குறைத்த பாஸ் சிடியிலும் குறைந்தே வந்தது. 'டிஜிட்டல் என்றாலே வறட்சி' என்ற பேச்சுக்குப் பாதிக் காரணம் இதுதான், டிஜிட்டல் முறையின் குற்றம் குறைவு. பிறகு வந்த நல்ல மறுவெளியீடுகள் செய்த பெரிய வேலை, அலமாரியின் பின்வரிசைக்குப் போய் மூலத்தைத் தேடி எடுத்ததுதான்.

மூலத்தைத் தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைவிட நல்ல சாட்சி இல்லை. 1959இல் நியூயார்க்கில், கொலம்பியா கம்பெனி ஸ்டுடியோவாக மாற்றியிருந்த 30ஆம் தெருவின் பழைய தேவாலயக் கட்டடத்தில், மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாட்களில் பதிவானது. மார்ச் 2 அன்று இரண்டு டேப் இயந்திரங்கள் சேர்ந்து ஓடின. ஒன்று மாஸ்டருக்கு, மற்றது பாதுகாப்புப் படிக்கு. மாஸ்டர் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது யாருக்கும் தெரியவில்லை. மெதுவாகப் பதிந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு வேகமாகும், சுருதி ஏறும். ஆகவே முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் ('சோ வாட்', 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'ப்ளூ இன் கிரீன்') முப்பது ஆண்டுகளுக்கு மேல் உண்மையான சுருதிக்கு மேலேயே விற்பனையாயின. ஏப்ரலில் பதிவான இரண்டாம் பக்கம் சரியாக இருந்தது. 1992 மறுவெளியீட்டில்தான் பாதுகாப்புப் படியை எடுத்து வைத்துச் சுருதியைச் சரிசெய்தார்கள்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். 'சோ வாட்' முழுக்க 'டி' சுரத்தில் நிற்கும். நடுவில் எட்டு பார் (தாளச் சுற்று) மட்டும் அரைச் சுரம் ஏறி 'ஈ ஃப்ளாட்'டுக்குப் போய்த் திரும்பும். பாஸ் டி-யில் நிற்கும் இடத்தில் போனில் உள்ள டியூனர் ஆப்பை வையுங்கள். திருத்திய பதிப்பில் ஊசி நடுவை ஒட்டி நிற்கும், பழையதில் மேல்பக்கம் சாயும். வித்தியாசம் அரைச் சுரத்துக்கும் குறைவுதான். ஆனால் சுருதிப்பெட்டியோடு பழகிய காதுக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டாலே போதும். திருத்தியதில் மைல்ஸின் டிரம்பெட் ஒரு சுற்றுப் பருத்தது போல, அவசரம் இல்லாமல் கேட்கும். சோனியின் கொலம்பியா, லெகஸி பெயரில் 1997க்குப் பிறகு வந்தவற்றில் இந்தத் திருத்தம் உண்டு. பழைய தட்டிலிருந்து பதிந்து ஏற்றிய மலிவுப் பதிப்புகளில் பழைய தவறு அப்படியே இருக்கும்.

சில சமயம் படியே மூலத்தைக் காப்பாற்றும். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' 1964 டிசம்பர் 9 அன்று ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிவானது. அதன் சிடிகள் பல காலம், கம்ப்ரெஸரும் ஈக்வலைஸரும் (பாஸ், மேல் சுரங்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஏறிய பிந்தைய படிகளிலிருந்தே வந்தன. 1965இல் இங்கிலாந்தின் இஎம்ஐ கம்பெனிக்கு அனுப்பிய, கைபடாத படி ஒன்று பின்னால் கிடைத்தது. 2002 டீலக்ஸ் பதிப்பு அதிலிருந்து வந்தது. டிரம் வாசித்த எல்வின் ஜோன்ஸின் சிம்பல்களை மட்டும் கவனித்துக் கேளுங்கள், இந்த ஒரு மாற்றத்தின் மதிப்பு விளங்கும்.

டேப் இல்லாமலே போனதும் உண்டு. 1978 பிப்ரவரியில் நியூஜெர்சியின் லாங் பிராஞ்சில் அட்லாண்டிக் கம்பெனியின் கிடங்கு எரிந்தபோது வெளிவராத பாடல்களும் ஸ்டுடியோ மூல டேப்புகளும் பெரும் அளவில் அழிந்தன. ஆல்பமாக வெளிவந்தவற்றின் மாஸ்டர்கள் பெரும்பாலும் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. 1950, 60களின் அட்லாண்டிக் ஆல்பங்கள் பலவற்றுக்கு 'கூடுதல் டேக்' அதிகம் இல்லாததன் காரணம் இது. இனிமேல் யாராவது அவற்றைப் புதிதாக மிக்ஸ் செய்ததாக, அதாவது தடங்களை மறுபடி கலந்து சமன் செய்ததாகச் சொன்னால், எதிலிருந்து என்று கேட்க வேண்டும்.

இப்போது ஸ்ட்ரீமிங்குக்கு வருவோம். எட்டுப் பதிப்பு ஏன் என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளின் பதிப்புரிமைக் காலம் முன்பு 50 ஆண்டுகள், பிறகு 70 ஆக்கினார்கள். ஆனால் 1963க்கு முன் வெளிவந்து ஏற்கெனவே காலம் முடிந்தவற்றுக்கு நீட்டிப்பு கிடையாது. ஆகவே 1962 வரை வெளியான எந்த ஜாஸ் ஆல்பத்தையும் அங்கே யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். இந்தியச் சட்டத்தில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். அமெரிக்காவில் நிலைமை வேறு. 1957 முதல் 1972 பிப்ரவரி 14 வரை பதிவானவை 2067 வரை உரிமையில் இருக்கின்றன. உரிமை முடிந்தால் வெளியிடும் சுதந்திரம் கிடைக்கும், மாஸ்டர் டேப் கிடைக்காது. டேப் இன்னும் பழைய கம்பெனியின் கிடங்கில்தான் இருக்கும். எனவே இந்தச் சிறு வெளியீட்டாளர்களில் பலர் முன்பு வந்த சிடியைப் பிரதி எடுக்கிறார்கள், அல்லது இசைத்தட்டை ஓட்டிப் பதிந்து கீறல் சத்தம் போக வடிகட்டுகிறார்கள்.

இவற்றை அடையாளம் காண்பது கடினமில்லை. ஆல்பம் பக்கத்தின் அடியில் வட்டத்துக்குள் பி எழுத்து போட்டு ஒரு வரி இருக்கும், ஒலிப்பதிவின் உரிமையாளர் யார் என்று சொல்லும் வரி அது. ப்ளூ நோட் ஆல்பத்துக்கு அங்கே ப்ளூ நோட் அல்லது யுனிவர்சல் குழுமப் பெயர் இருக்க வேண்டும். வெர்வ், இம்பல்ஸ், மோடவுன், செஸ் ஆகியவையும் யுனிவர்சலிடம். கொலம்பியா, ஆர்சிஏ சோனியிடம். அட்லாண்டிக், வார்னரும் அதன் ரைனோவும். பிரெஸ்டீஜ், ரிவர்சைட், கான்டெம்பரரி மூன்றும் பெர்க்லியில் இருந்த ஃபான்டஸி வழியாக இப்போது கான்கார்டிடம், கிராஃப்ட் ரெகார்டிங்ஸ் பெயரில் வெளிவருகின்றன. இந்தப் பெயர்களுக்குப் பதில் கேள்விப்படாத பெயர் ஒன்றும் 2012, 2015 என்று ஒரு ஆண்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். அட்டையில் மூலப் படத்துக்குப் பதில் கலைஞரின் வேறு புகைப்படம், ஒரே கோப்பில் இரண்டு ஆல்பம், ஆல்பத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 'டிஜிட்டலி ரீமாஸ்டர்டு' ஆகியவை கூடுதல் அறிகுறிகள்.

சோல் பக்கம் ஸ்டாக்ஸ் கம்பெனியின் விஷயம் தனி. மெம்ஃபிஸில் பழைய திரையரங்கு ஒன்றில் நடந்த இந்தக் கம்பெனி, விநியோக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது தன் மாஸ்டர்கள் அட்லாண்டிக்குக்குப் போய்விடும் என்பதைக் கவனிக்கவில்லை. 1968இல் உறவு முறிந்தபோதுதான் தெரிந்தது. அதனால் பாடகர் ஓடிஸ் ரெட்டிங்கின் தட்டுகளும் மற்றத் தொடக்க காலத் தட்டுகளும் இன்றைக்கும் வார்னரிடம், 1968க்குப் பிந்தையவை கான்கார்டிடம். ஒரே லேபிளின் பாதிப் பாடல்களை ஒரு கம்பெனியும் மீதியை வேறொன்றும் வெவ்வேறு தரத்தில் வெளியிடுவது இதனால்தான். முதல் பாதிக்கு அட்லாண்டிக் 1991இல் கொண்டுவந்த ஒன்பது சிடி பெட்டி, 1959 முதல் 1968 வரையிலான ஸ்டாக்ஸ், அதன் துணை லேபிள் வோல்ட் இரண்டின் சிங்கிள்களின் (ஒற்றைப் பாடல் தட்டுகளின்) முழுத் தொகுப்பு, இன்றும் நல்ல தொடக்கம்.

அடுத்தது மோனோவா, ஸ்டீரியோவா. இதில்தான் புதிதாகக் கேட்பவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் ஸ்டீரியோ உயர்ந்தது என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. 1960களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் சோல் இசையின் உண்மையான உருவம் மோனோ சிங்கிள்தான். மோடவுனில் காரின் சிறிய ஸ்பீக்கரில் எப்படி ஒலிக்கும் என்று பார்த்துப் பார்த்து மிக்ஸ் செய்தார்கள். டிரம், பாஸ், டாம்புரின், குரல் எல்லாம் ஒரே மூட்டமாக வந்து நெஞ்சில் மோதும். ஸ்டீரியோ மிக்ஸை எல்பி என்ற முழு ஆல்பத் தட்டுக்காகப் பின்னால் செய்தார்கள். குரல் ஒரு பக்கம், தாளம் இன்னொரு பக்கம் என்று பிரிந்து அந்த மோதல் போய்விடும். சில பாடல்களில் வேறு குரல் டேக்கே இருக்கும். 2005 முதல் 2013 வரை 14 தொகுதிகளாக வந்த 'தி கம்ப்ளீட் மோடவுன் சிங்கிள்ஸ்' வரிசை சிங்கிளின் மூல மிக்ஸையே எடுத்துக்கொண்டது. மோடவுனை முதலில் அதில் கேளுங்கள்.

ஓடிஸ் ரெட்டிங்கின் 'ஓடிஸ் ப்ளூ' இன்னும் சுவையான விஷயம். 1965 ஜூலையில் அட்லாண்டிக்கின் பொறியாளர் டாம் டவுட் மெம்ஃபிஸுக்கு வந்து இரண்டு டிராக் இயந்திரத்தில் பதிவு செய்தார். அதற்கு முன் அங்கே மோனோ மட்டும்தான். ஏற்கெனவே சிங்கிளாக வந்து ஓடிக்கொண்டிருந்த 'ஐ'வ் பீன் லவிங் யூ டூ லாங்' பாடலுக்கு ஸ்டீரியோ மூலம் கிடையாது, ஆகவே ஸ்டீரியோ தட்டுக்காக மறுபடி பாடினார். மோனோ தட்டிலும் ஸ்டீரியோ தட்டிலும் இருப்பவை இரண்டு தனிப் பதிவுகள்! ரைனோவின் 2008 பதிப்பில் இரண்டும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் கேட்டவர் பாதிதான் கேட்டிருக்கிறார்.

ப்ளூ நோட் கதை வேறு. 1957 முதல் வான் கெல்டர் இரண்டு டிராக்கில் பதிந்தார், ஆனால் ஸ்டுடியோவில் மோனோவாகக் கேட்டே சமன் செய்தார்கள். அதனால் அந்த ஆரம்ப ஸ்டீரியோக்களில் சாக்ஸபோன் முழுக்க ஒரு காதிலும் டிரம் முழுக்க மறு காதிலும் விழும். ஸ்பீக்கரில் இது அறைக்குள் கலந்து இயல்பாகிவிடும், ஹெட்போனில் தலை வலிக்கும். தீர்வு இரண்டு. பிளேயரில் மோனோ பொத்தானை அமுக்கலாம். போனின் அணுகல்தன்மை (ஆக்செஸிபிலிட்டி) அமைப்புகளிலேயே 'மோனோ ஆடியோ' இருக்கிறது. அல்லது கிராஸ்ஃபீட் போடலாம். ஒரு பக்க ஒலியின் கீழ்ச்சுரங்களில் கொஞ்சத்தை மறுபக்கத்துக்குக் கசியவிடும் வடிகட்டி அது. ஃபூபார்2000 பிளேயருக்கு பிஎஸ்2பி என்ற இலவசக் கூறு உண்டு. அதன் இயல்பு அமைப்பு 700 ஹெர்ட்ஸ், 4.5 டெசிபெல். அங்கிருந்து தொடங்கி 6 டெசிபெல் வரை ஏற்றிப் பாருங்கள். அதற்கு மேல் போனால் மேடை குறுகிவிடும்.

அட்டையில் 'எலக்ட்ரானிக்கலி ரீசேனல்டு', 'டியோஃபோனிக்' என்றிருந்தால் தள்ளி வையுங்கள். மோனோ பதிவின் பாஸை ஒரு பக்கமும் மேல் சுரங்களை மறுபக்கமும் தள்ளி, நடுவே சிறு தாமதம் கொடுத்த போலி ஸ்டீரியோ அது. இந்த டேப்புகள் சில சிடிகளுக்குள்ளும் தவறிப் புகுந்திருக்கின்றன. அறிகுறி: குரல் நடுவில் நிற்காமல் மிதக்கும், மோனோவாக்கினால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும்.

இனி ரீமாஸ்டர் செய்பவர் கையில் நடக்கும் தவறுகள். இரண்டுதான் முக்கியம்.

முதலாவது சத்தப் போட்டி. 1990களின் நடுவிலிருந்து எல்லாக் குறுவட்டும் முந்தையதைவிட உரக்க ஒலிக்க வேண்டும் என்ற போட்டி வந்தது. லிமிட்டர் என்ற கருவியை வைத்து உச்சங்களை வெட்டி, மொத்தத்தையும் உயர்த்துவார்கள். ஜாஸில் இதனால் முதலில் சாவது டிரம். ஸ்நேர் அடியின் முன்முனை போய்விடும், அடி பட்டதும் சிம்பல் ஒரு கணம் உள்ளே அமுங்கித் திரும்பும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்தால் அலைவடிவம் செங்கல் போல் நிரம்பியிருக்கும். ஃபூபாரின் டிஆர் மீட்டர் போன்ற கருவி சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து ஒரு எண் கொடுக்கும். சிறு குழு ஜாஸுக்கு 12, 13 இருந்தால் நிம்மதி, 8க்குக் கீழே என்றால் யோசியுங்கள். ஒரு எச்சரிக்கை: இசைத்தட்டிலிருந்து பதிந்த கோப்புகளில் இந்த எண் இயல்பாகவே கூடிக் காட்டும், அதை சிடி எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

இரண்டாவது இரைச்சல் நீக்கம். டேப்பின் 'ஸ்ஸ்' ஒலியைக் குறையாக நினைத்து அடியோடு துடைத்தார்கள். அந்த 'ஸ்ஸ்' இருக்கும் அதே உயரத்தில்தான் பிரஷ் ஸ்நேரில் உரசும் ஒலியும் சிம்பலின் வாலும் அறையின் காற்றும் இருக்கின்றன. துடைத்தால் எல்லாம் சேர்ந்து போகும். கண்டுபிடிக்க, மெல்லிய பாலட் ஒன்றின் கடைசிச் சுரம் அடங்கும் இடத்தை ஹெட்போனில் உரக்கக் கேளுங்கள். சுரம் அடங்க அடங்க இரைச்சல் ஒரே அளவில் தொடர்ந்தால் நல்லது. சுரத்தோடு சேர்ந்து அதுவும் மறைந்து, அடுத்த பாட்டில் முதல் சுரத்தோடு திரும்பி வந்தால் வடிகட்டியிருக்கிறார்கள். தொடக்கச் சுரத்துக்கு ஒன்றிரண்டு நொடி முன்பே அதன் மெல்லிய நிழல் கேட்டால் பயப்பட வேண்டாம். சுருளில் ஒரு சுற்றின் காந்தப்பதிவு அடுத்த சுற்றில் ஒட்டியதால் வருவது அது. வெட்டாமல் விட்டிருந்தால் மூலத்தை மதித்தவர் செய்த வேலை என்று கொள்ளலாம்.

இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமன் செய்யாமல் முடிவுக்கு வராதீர்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதே 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றும். ஸ்பாட்டிஃபை இயல்பாக மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன் செய்கிறது, வேறு சிலவற்றில் அமைப்புக்குள் போய் அதை இயக்க வேண்டியிருக்கும். கோப்புகள் என்றால் ஒரே பத்தியை இரண்டிலிருந்தும் 20 நொடிக்கு ஆடாசிட்டியில் வெட்டி, தொடக்கத்தை ஒரே அடியில் பொருத்தி, 0.2 டெசிபெல் துல்லியத்துக்குள் சமன் செய்து, எது எந்தப் பதிப்பு என்று காட்டாமல் ஒலிக்கவிடும் ஃபூபாரின் ஏபிஎக்ஸ் கருவியில் கண்ணை மூடிக் கேளுங்கள். தொடக்கம் பொருந்தாவிட்டால் அந்த வித்தியாசத்தை வைத்தே காது கண்டுபிடித்துவிடும், சோதனை வீண்.

24 பிட், 96 அல்லது 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புக்குக் கூடுதல் காசு கொடுக்குமுன் ஒலியின் அதிர்வெண்களை நிறப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் மாதிரி ஒன்றைத் திறந்து பாருங்கள். நிறமெல்லாம் 22 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால், சிடி தரத்தை ஊதிப் பெரிதாக்கியது. 16 கிலோஹெர்ட்ஸில் நின்றால் எங்கோ ஒரு எம்பி3 இடையில் புகுந்திருக்கிறது. டேப்பிலிருந்து நேராக எடுத்ததில் மெல்லிய இரைச்சல் படிப்படியாக மங்கி மேலே போகும். 25, 30 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இரைச்சல் மறுபடி ஏறினால் டிஎஸ்டி என்ற வேறொரு டிஜிட்டல் முறையில் எடுத்திருக்கலாம், அது குறையல்ல. இந்தப் படம் மூலம் எது என்று காட்டும், இசை நன்றாக இருக்கிறதா என்று காட்டாது. கேட்கும் தரத்துக்கு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸே தாராளம். புளூடூத் ஹெட்போனில் கேட்பவர் எண்ணுக்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

பழைய சிடிகளை, முக்கியமாக 1980களின் முதல் பாதியில் ஜப்பானில் அழுத்தியவற்றை, வாங்கிக் கணினியில் ஏற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் சில 'ப்ரீ-எம்ஃபஸிஸ்' முறையில் செய்தவை. மேல் சுரங்களை வேண்டுமென்றே உயர்த்திப் பதிந்திருப்பார்கள், சிடி பிளேயர் ஓட்டும்போது அதைத் தணிக்கும். கணினியில் எடுத்தால் தணிக்க ஆளில்லை. 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 9, 10 டெசிபெல் கூடுதலாக நிற்கும், எல்லாம் தகரமாகக் கேட்கும். நல்ல தட்டைக் குறை சொல்லித் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளில் தட்டின் பட்டியலில் இந்தக் குறி தெரியும். சில தட்டுகளில் பாட்டோடு சேர்ந்து ஓடும் துணைக்குறியீட்டில் (சப்கோட்) மட்டும் ஒளிந்திருக்கும். சாக்ஸ் என்ற கட்டளைக் கருவியில் 'டிஎம்ஃப்' என்ற விளைவைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

1970களின் நடுவிலிருந்து வந்த சோல், ஃபங்க் டேப்புகளுக்கு வேறு நோய். அக்கால டேப்பில் காந்தத் துகளை ஒட்டிய பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, ஓட்டினால் இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு உரிந்துவரும். ஆம்பெக்ஸ் 456 இதற்குப் பேர்போனது. சீரான வெப்பம் தரும் அடுப்பில் சுமார் 54 டிகிரி செல்சியஸில் கால் அங்குல டேப்பை எட்டு மணி நேரம் அளவில் வைத்தால், சில வாரங்களுக்கு ஓட்டும் நிலைக்கு வரும். அதற்குள் டிஜிட்டலாக்கிவிட வேண்டும். 1950களின் அசிடேட் டேப்பை இப்படிச் சூடாக்கினால் பாழாகும். சிறு லேபிள் சோல் தட்டுகளை மீட்கும் வெளியீட்டாளர்கள் சில பாடல்களை இசைத்தட்டிலிருந்தே எடுக்க வேண்டியிருப்பது டேப் தொலைந்ததாலோ இப்படி அழிந்ததாலோதான். நல்லவர்கள் அதைக் குறிப்பேட்டில் சொல்லிவிடுவார்கள்.

டீலக்ஸ் பதிப்புகளின் கூடுதல் டேக்குகள் எல்லாம் குப்பையுமல்ல, எல்லாம் புதையலுமல்ல. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' 2001 டீலக்ஸில் 'டெட்ராய்ட் மிக்ஸ்' இருக்கிறது. 1971 ஏப்ரலில் முடித்த முதல் மிக்ஸ் அது. கேய் அதை ஒதுக்கிவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸில் மறுபடி செய்ததே மே மாதம் வெளியானது. இரண்டையும் கேட்டால் அந்தக் குரல் அடுக்குகளையும் தந்திகளையும் எங்கே பின்னுக்குத் தள்ளினார், எதை ஏன் கரைத்தார் என்று ஒரு கலைஞரின் மனம் வேலை செய்வது தெரியும். பாடபேதம் என்று நாம் சொல்வது இதைத்தான். பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் வாசித்ததன் முழுப் பதிவும் 2005இல் வந்தது. மின்சாரம் போய் இசை நடுவில் அறுந்த முதல் டேக் உட்பட, வாசித்த வரிசையிலேயே. பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ 11 நாளில் விபத்தில் இறந்துபோனார். அந்த ஒரு நாளை முழுசாகக் கேட்க நியாயம் உண்டு. ஆனால் சாதாரண ஆல்பத்தில் ஒரே பாட்டின் மூன்று டேக்கை அடுத்தடுத்து நுழைத்திருந்தால், மூல எல்பி வரிசைக்குத் தனிப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். எல்பியின் ஒரு பக்கம் ஏறக்குறைய 20 நிமிடம். அந்த அளவுக்கென்றே வரிசையை யோசித்திருக்கிறார்கள்.

மறுவெளியீடு என்று சொல்ல முடியாத, புதிதாகவே பிறந்த பழைய ஆல்பங்களும் இருக்கின்றன. பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க்கின் குழுவும் கோல்ட்ரேனும் 1957 நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் வாசித்ததை வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா பதிந்திருந்தது. அந்த டேப் 2005இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில், பழைய டேப்புகளை டிஜிட்டலாக்கும்போது தட்டுப்பட்டது. அதே ஆண்டு வெளியானது. கோல்ட்ரேன் 1963 மார்ச் 6 அன்று பதிந்த 'போத் டைரக்ஷன்ஸ் அட் ஒன்ஸ்' 2018இல் வந்தது. மாஸ்டர் இல்லை. அவர் வீட்டுக்கு எடுத்துப்போன மோனோ டேப், முதல் மனைவி நைமாவின் குடும்பத்தாரிடம் பத்திரமாக இருந்தது.

தமிழ்க் காதுக்கு ஒரு நல்ல உரைகல் சொல்கிறேன். ஜான் கோல்ட்ரேனின் மனைவி, ஹார்ப் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971, இம்பல்ஸ். கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் பிறந்து அமெரிக்கா போன சுவாமி சச்சிதானந்தரே அந்தப் பெயருக்குரியவர். ஆலிஸ் அவரிடம் சீடராக இருந்தார். பாடலின் அடியில் தம்புரா ஓடிக்கொண்டே இருக்கும், மேலே ஹார்ப்பும் ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோனும். தம்புராவின் உயிர் ஜீவாளி நூலால் எழும் மேல் சுரங்களில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். மோசமான பதிப்பில் அது ஈ மொய்ப்பதுபோல் ஒரே ரீங்காரமாகும். இரைச்சல் நீக்கியதில் மங்கி, சாக்ஸபோன் வரும்போதெல்லாம் விட்டுவிட்டுக் கேட்கும். நல்ல பதிப்பில் ஒவ்வொரு தந்தியும் மீட்டப்பட்டு மலர்ந்து அடுத்ததில் கரைவது தனியாகத் தெரியும். எந்தப் பதிப்பு, எந்த ஹெட்போன் என்று முடிவு செய்ய அதன் முதல் ஒரு நிமிடம் போதும்.

அங்கிருந்து ஆலிஸின் பிற்காலத்துக்குப் போங்கள். கலிபோர்னியாவில் தன் ஆசிரமத்தில் பாடிய பஜனைகளை 1982 முதல் 1995 வரை கேசட்டுகளாக மட்டும் வெளியிட்டார். லுவாகா பாப் என்ற லேபிள் 2017இல் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பு கொண்டுவந்தது. கேசட்டுகளில் முதலாவதான 'துரியா சிங்ஸ்', தந்திகளும் சின்தசைசரும் இல்லாமல், குரலும் வுர்லிட்சர் ஆர்கனும் மட்டும் கொண்ட மிக்ஸாக 'கீர்த்தன்: துரியா சிங்ஸ்' என்று 2021இல் வந்தது. கேசட்டிலிருந்து யாரோ ஏற்றிய பிரதிகளும் சுற்றுகின்றன, சுருதி மெல்ல ஆடுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அலங்காரத்தோடு ஒன்று, அலங்காரம் இல்லாமல் ஒன்று என இரண்டையும் கேளுங்கள், முதலில் 2021 பதிப்பை.